காந்தத்திற்குக் குரல் கிடையாது



அல்னிக்கோ 2 இனிமையாகப் பாடும். அல்னிக்கோ 5 கணீரென்று பாடும். பீங்கான் காந்தம் கத்தும். மின்கிட்டார் வாசிக்கும் நம் இளைஞர்களிடையே வேதவாக்காக உலவும் மூன்று வாக்கியங்கள் இவை. ரெம்பியா, அலோர் காஜா வட்டாரத்தில் கோயில் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் வாசிக்கும் இசைக்குழுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். மூன்றையும் தடையின்றி ஒப்பிப்பார்கள். ஏன் என்று கேட்டால் மட்டும் விடை வராது. "அப்படித்தான் சொல்கிறார்கள்" என்பார்கள். இந்த 'அப்படித்தான்' என்ற சொல்லின்மீதுதான் எனக்குச் சினம். இதில் பாதிப் பங்கு சரக்கு விற்பவர்களுடையது. மறுபாதி நம் அறிவியல் வகுப்புகளுடையது.

ஆரம்பப்பள்ளி ஆசிரியருக்கு மின்கிட்டாரில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். காந்தம் நம் பாடம் ஐயா! சட்டக் காந்தம், இலாடக் காந்தம், உருளைக் காந்தம், வளையக் காந்தம், பொத்தான் காந்தம் என்று வடிவத்தை வைத்து வரிசைப்படுத்திக் கரும்பலகையில் வரைகிறோம். பிள்ளைகளும் வரைகிறார்கள்; வட முனைக்குச் சிவப்பும் தென் முனைக்கு நீலமும் தீட்டுகிறார்கள். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் போய்விட்டது. ஆனால் அந்தத் தேர்வுக்காகப் பிறந்த பட்டியல் மட்டும் பயிற்சி நூல்களில் சாகாவரம் பெற்று வாழ்கிறது. காந்தம் எதனால் ஆனது? இலாடக் காந்தம் ஏன் இலாடம்போல் வளைந்தது? இவ்விரண்டு வினாக்களும் அப்பட்டியலில் இல்லை.

வளைந்ததற்குக் காரணம் உண்டு. பழங்காலத்துக் காந்தங்கள் எஃகால் செய்யப்பட்டவை. எஃகுக் காந்தத்தைக் குட்டையாகச் செய்தால் அதன் இரு முனைகளும் நெருங்கி நின்று, அதன் வலிமையை அதுவே தின்றுவிடும். ஆகவே நீளமாகச் செய்ய வேண்டியிருந்தது. நீளமான சட்டத்தை வளைத்தால் இரு முனைகளும் ஒரே இடத்தில் வேலை செய்யும். அதுதான் இலாடம்! வடிவம் என்பது அலங்காரமன்று, பொருளின் பலவீனத்துக்கு மனிதன் கண்ட மருந்து. இந்த ஒரு வரியைச் சொல்லாமல் வடிவங்களை மட்டும் ஒப்பிக்கச் செய்வது, நோயைச் சொல்லாமல் மருந்துச் சீட்டை மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு ஒப்பாகும்.

1932இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் மின்கிட்டார்களுள் ஒன்றுக்கு 'வாணலி' என்றே பட்டப்பெயர். ஜார்ஜ் பீச்சாம்ப் என்பவர் வடிவமைத்து 1937இல் காப்புரிமை பெற்றார். அதில் தந்திகளின் மேலும் கீழும் வளைந்து நிற்பவை எவை தெரியுமா? இரண்டு இலாடக் காந்தங்கள். நம் மாணவன் பயிற்சி நூலில் வண்ணம் தீட்டும் அதே உருவம்தான். சொல்லிக் கொடுக்க ஆளில்லை.

அதே காலக்கட்டத்தில்தான் காந்தத்தின் வரலாறும் திரும்பியது. 1931இல் சப்பானியரான தொக்குஷிச்சி மிஷிமா, இரும்போடு நிக்கலும் அலுமினியமும் சேர்ந்த கலவை அன்றைய சிறந்த காந்த எஃகையும் விஞ்சக் கண்டார். அதன் வழிவந்ததே அல்னிக்கோ. அலுமினியம், நிக்கல், கோபால்ட்டு ஆகியவற்றின் வேதியியல் குறியீடுகளை ஒட்டவைத்த பெயர் அது. ஆனால் உள்ளே பெரும்பகுதி இரும்பே. இன்னொரு வேடிக்கை: அல்னிக்கோ 3இல் கோபால்ட்டு கிடையாது! பெயரில் இருக்கிறது, பொருளில் இல்லை. இனிமை என்றும் கணீர் என்றும் பெயரை வைத்துக் குரலை முடிவு செய்பவர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

பீங்கான் காந்தம் 1950களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தில் உருவானது. பேரியம் அல்லது ஸ்ட்ரான்சியத்தோடு இரும்பு ஆக்சைடைச் சுட்டெடுப்பது. விலை மலிவு, மின்சாரத்தைக் கடத்தாது. "பீங்கான்தான் வலுவானது" என்று கடைகளில் சொல்வார்கள். எண்களைப் பாருங்கள். காந்தமாக்கிய பின் பொருளில் தங்கும் காந்தச் செறிவு அல்னிக்கோ 5இல் ஏறத்தாழ 12,500 காஸ். அல்னிக்கோ 2இல் ஏறத்தாழ 7,500. பீங்கானிலோ 4,000 அளவில்தான். ஆனால் காந்தத்தன்மையை இழக்காமல் எதிர்த்து நிற்கும் திறனில் அல்னிக்கோ 5க்கு ஏறத்தாழ 640 ஓர்ஸ்டெட் என்றால், பீங்கானுக்கு 2,000ஐயும் தாண்டும். ஆகவே பீங்கானைத் தட்டையாகவும் குட்டையாகவும் வெட்டலாம், சோராது. அல்னிக்கோவை நீண்ட தண்டாக்கினால்தான் அது முழு வலிமை காட்டும். பார்த்தீர்களா, வடிவப் பாடம் திரும்பி வந்துவிட்டது! இம்முறை காரணத்தோடு.

இனி குரலுக்கு வருவோம். மின்கிட்டாரின் தந்திகளுக்குக் கீழே ஒரு சிறு பெட்டி இருக்கும். பிக்கப் என்பார்கள். உள்ளே காந்தமும், ஆயிரக்கணக்கான முறை சுற்றிய செப்புக்கம்பிச் சுருளும் உண்டு. கம்பியின் தடிமன் ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர். காந்தம் மேலேயுள்ள எஃகுத் தந்தியையும் காந்தமாக்குகிறது. அந்தத் தந்தி அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப்பாயம் மாறுகிறது. மாறும்போது சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் இதுவே. இந்தக் கதையில் காந்தம் அசைவதில்லை, அதிர்வதில்லை, பாடுவதுமில்லை. நைலான் தந்தி பூட்டினால் பிக்கப் ஊமையாகிவிடும். வீணையில் இத்தகைய பிக்கப்பைப் பொருத்தினாலும் எஃகுத் தந்தியை அது கேட்கும். வெறும் பித்தளைத் தந்தியைக் கேட்காது என்றே சொல்லலாம்.

காந்தத்தின் வகை ஒலியைத் தொடவே தொடாது என்று நான் சொல்ல வரவில்லை. தொடும். எவ்வழியாகத் தொடும் என்பதே கேள்வி.

புலம் வலுவாக இருந்தால் ஒலி உரத்துக் கேட்கும். இது முதல் வழி. இரண்டாவது, வலுவான காந்தம் தந்தியையே பிடித்திழுக்கும். நாதத்தின் நீளம் குறையும். தடித்த தந்திகளை மேல்மெட்டில் அழுத்தும்போது சுருதி தள்ளாடும். இதற்கு மருந்து புதிய காந்தமன்று. பிக்கப்பின் இருபுறமும் உள்ள திருகாணியைத் தளர்த்திச் சற்றுக் கீழே இறக்கினால் போதும், செலவு ஒரு காசுமில்லை. மூன்றாவது வழி சற்று நுட்பமானது. அல்னிக்கோ ஓர் உலோகம். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் போன்ற கிட்டார்களில் அல்னிக்கோத் தண்டுகள் சுருளுக்கு உள்ளேயே நிற்கின்றன. ஆகவே சுருளின் தூண்டல் அளவை அவை உயர்த்துகின்றன. அவற்றில் எழும் சுழல் மின்னோட்டம் மேல்நாதங்களைச் சற்றே மழுக்குகிறது. இங்கே வகையை மாற்றினால் சுருளின் தன்மையும் ஓரளவு மாறும். இரட்டைச் சுருள் பிக்கப்பிலோ காந்தம் சுருளுக்குக் கீழே படுத்திருக்கிறது. சுருளுக்குள் நிற்பவை எஃகுத் திருகாணிகளும் எஃகுத் துண்டுகளும். அங்கே காந்தத்தை மாற்றினால் சுருள் ஏறக்குறைய பழைய சுருளாகவே இருக்கும்.

மலிவு விலைக் கிட்டாரில் பீங்கான் கத்துகிறது என்ற பழி எப்படி வந்தது என்பதும் இதிலிருந்தே விளங்கும். அவற்றுள் பலவற்றில் அல்னிக்கோத் தண்டுக்குப் பதிலாகச் சுருளுக்குள் எஃகுத் தண்டு. அடியில் ஒட்டிய பீங்கான் பட்டை. மாறியது காந்தம் மட்டுமா? சுருளின் வயிற்றுக்குள் இருப்பதே மாறிவிட்டதே! செய்தது எஃகு, பழி பீங்கானுக்கு.

பெயர்ச்சீட்டு வழிபாட்டுக்குச் சரியான மறுப்பு வரலாற்றிலேயே உள்ளது. 1957இல் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட இரட்டைச் சுருள் பிக்கப்பை வடிவமைத்தவர் சேத் லவர். தொடக்க ஆண்டுகளில் அல்னிக்கோ 2, 3, 4, 5 என்று கையில் கிடைத்ததைப் போட்டார்கள். சுற்றுகளின் எண்ணிக்கையும் ஒன்றுபோல் இல்லை. இன்று அந்தப் பழைய பிக்கப்புகள் ஆயிரக்கணக்கான ரிங்கிட்டுக்கு விலைபோகின்றன. அவற்றின் 'மூல வகை' என்று ஒரே ஒரு காந்தத்தைக் காட்டி விற்பவரை என்னென்பது?

"காது கேட்டதே சாட்சி" என்பார்கள். நல்லது. காது என்ன கேட்டது? காந்தத்தை மாற்றத் தந்திகளைக் கழற்றினார்கள். புதிய தந்தி பூட்டினார்கள். பிக்கப்பைத் திரும்ப வைக்கையில் உயரம் மாறியது. ஒலி அளவும் மாறியது. சற்று உரத்த ஒலி சற்று நல்ல ஒலியாகவே காதுக்குப் படும். இத்தனையும் மாறிய பின் பெருமை முழுவதையும் காந்தத்துக்கு மாலையாகப் போட்டார்கள். தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று நாம் படித்துப் படித்துச் சொன்னோமே, எங்கே போயிற்று அந்தப் பாடம்?

கேபிளின் நீளத்தை எவரும் பேசுவதில்லை. ஒரு மீட்டர் கேபிளுக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் மின்தேக்கம் என்று கொள்வோம். 2.4 ஹென்றி தூண்டல் உள்ள ஒற்றைச் சுருளுக்கு, சுருளுக்கே உரிய மின்தேக்கம் 100 பிக்கோஃபாரட் என்று வைத்துக் கணக்கிட்டால், 3 மீட்டர் கேபிளில் ஒத்ததிர்வு மேடு ஏறத்தாழ 5,100 ஹெர்ட்சில் நிற்கும். 9 மீட்டர் கேபிளில் 3,200 ஹெர்ட்சுக்கு இறங்கும். கணீர் மழுங்குவது காதுக்குத் தெளிவாகத் தெரியும். கோயில் மேடையில் ஒலிபெருக்கியைத் தூரத்தில் வைத்துவிட்டு நீண்ட கேபிளைப் போட்டவன், வீட்டுக்குப் போய்க் காந்தத்தை நொந்துகொள்கிறான்!

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். ஒரு கடையில் அவர் கிட்டாருக்கு 'அல்னிக்கோ 2 போட்டால்தான் இளையராஜா பாடல்களுக்குப் பொருந்தும்' என்று சொல்லி ஐந்நூறு ரிங்கிட்டுக்கு மேல் வாங்கியிருக்கிறார்கள். அவர் மாதச் சம்பளத்தில் அது எத்தனை நாள் உழைப்பு என்பதைப் பெற்றோர் அறிவர். மறுவாரம் அவரே என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பழைய பிக்கப் தந்தியை உரசும் உயரத்தில் இருந்திருக்கிறது. புதியது தாழ்வாகப் பொருத்தப்பட்டிருந்தது. திருகாணி செய்த வேலைக்கு ஐந்நூறு ரிங்கிட்! ஆறாண்டுகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்து காந்தத்தின் ஐந்து வடிவங்களை வரைந்த கை அது. அந்தக் கையில் ஒரு வினாவை யாரும் கொடுத்தனுப்பவில்லை. எனக்கு வலிப்பது அதுதான்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். கிட்டார் படிப்பைக் கெடுக்கும், தமிழைக் கெடுக்கும் என்று முகஞ்சுளிப்போர் உங்களில் பலர். மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) கையில் இருந்ததும் மின்கருவிதான். தொடக்கத்தில் அவரையும் ஏளனம் செய்தார்கள். மரபு மாண்டலினில் இரட்டைத் தந்திகள். நாதம் சட்டென்று அடங்கிவிடும். கமகத்துக்கு நாதம் நீள வேண்டும். ஆகவே ஐந்து ஒற்றைத் தந்திகளோடு மின்மாண்டலினை எடுத்தார். கருநாடக இசையே அதற்குள் வந்து அமர்ந்தது. தந்தியைக் காந்தம் இழுத்து நாதத்தைக் குறைப்பது கமகம் வாசிப்பவனுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பது இங்கே புரியும். வீட்டில் மின்கிட்டார் இருந்தால் அதைப் பரண்மேல் ஏற்றாதீர்கள். பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள்.

"இவ்வளவையும் தமிழில் சொல்ல முடியுமா? அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கட்டுமே" என்ற பழைய பல்லவி 2003இலும் கேட்டது, 2016இல் இருமொழித் திட்டம் வந்தபோதும் கேட்டது. மேலே உள்ள பத்திகளைத் தமிழில்தான் எழுதியிருக்கிறேன். புலம், பாயம், சுருள், தூண்டல், சுழல் மின்னோட்டம், ஒத்ததிர்வு எனச் சொற்கள் அணிவகுத்து நிற்கின்றன. இல்லாதது வகுப்பில் அவற்றைப் பயன்படுத்தும் பழக்கம்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு: ஒரு கிட்டார், ஒலிபெருக்கி, கைப்பேசி, அடிக்கோல், திருப்புளி போதும். காந்தத்தைத் தொடாதீர்கள். தந்திக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியை முதலில் 2 மில்லிமீட்டரில் வையுங்கள். ஒரே மாணவர் ஒரே தந்தியை மீட்டட்டும். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பிறகு 3, பிறகு 4. நாதம் அடங்கும் வரை வினாடிகளை எண்ணி அட்டவணையில் எழுதச் சொல்லுங்கள். அடுத்து இடைவெளியை மாற்றாமல் குட்டைக் கேபிள், நீண்ட கேபிள். எந்தப் பதிவு எது என்பதை மாணவர்களிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். காந்தத்தை மாற்றித்தான் ஆகவேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் அதையும் செய்யலாம். கழற்றிய அதே தந்தியையே திரும்பப் பூட்டுங்கள், இடைவெளியை மீண்டும் அளந்து வையுங்கள்.