வர்த்தகப் பேச்சுகளும் செயற்கை நுண்ணறிவும்

வங்கி முகாமையாளரைச் சந்தித்துக் கடன் கோருவதாயினும் சரி, வெளிநாட்டுக் கொள்வனவாளருடன் விலை பேசுவதாயினும் சரி, முன்னாயத்தமின்றிச் செல்பவர் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும் என்பது வர்த்தகர்கள் நன்கறிந்த விடயமாகும். 2022 நவம்பரில் சட் ஜிபிடி பொதுப் பாவனைக்கு வந்ததன் பின்னர், இம்முன்னாயத்தத்தைச் செயற்கை நுண்ணறிவின் துணையுடன் மேற்கொள்வோர் பெருகி வருகின்றனர்.

இதன் பயனை மறுப்பதற்கில்லை. நமது நாட்டில் தமிழ் பேசும் சிறு முயற்சியாளர்கள் பலருக்கு, தொழில் தெரிந்திருந்தும் ஆங்கிலமே தடையாக நிற்கின்றது. யாழ்ப்பாணத்தில் பனம்பொருள் உற்பத்தி செய்பவரோ, காத்தான்குடியில் புடைவை வியாபாரம் செய்பவரோ ஆங்கில ஒப்பந்தமொன்றின் சாராம்சத்தைத் தமிழில் பெறவும், எதிர்த்தரப்பினர் கேட்கக்கூடிய வினாக்களை முன்கூட்டியே அறியவும், பதில்களை ஒத்திகை பார்க்கவும் இன்று கைத்தொலைபேசி ஒன்றே போதுமானது. முன்னர் பணம் கொடுத்து ஆலோசகர்களை அமர்த்தக்கூடியவர்களுக்கு மட்டுமே இவ்வாய்ப்பு இருந்தது.

எனினும், இரு ஆபத்துகள் குறித்து அவதானம் தேவையென நாம் கருதுகின்றோம்.

முதலாவது, இல்லாததை இருப்பதாகக் கூறும் அதன் இயல்பு. அவுஸ்திரேலிய அரச திணைக்களம் ஒன்றுக்காகச் சுமார் 4 இலட்சத்து 40 ஆயிரம் அவுஸ்திரேலிய டொலர் கட்டணத்தில் டெலொய்ட் நிறுவனம் தயாரித்த அறிக்கையில், இல்லாத ஆய்வுகளும் நீதிமன்றத் தீர்ப்பொன்றில் இடம்பெறாத மேற்கோளும் காணப்பட்டமை 2025இல் அம்பலமானது. அறிக்கையின் தயாரிப்பில் செயற்கை நுண்ணறிவு பயன்படுத்தப்பட்டிருந்தது. கட்டணத்தின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க அந்நிறுவனம் இணங்கியது. உலகப் புகழ்பெற்ற ஆலோசனை நிறுவனத்துக்கே இந்நிலையென்றால், சிறு வர்த்தகரின் நிலை என்ன? பேச்சு மேசையில் ஒரு புள்ளிவிபரம் பொய்யெனத் தெரியவந்தால், அவர் கூறும் மெய்யான கணக்குகளும் சந்தேகத்துக்குள்ளாகும்.

இரண்டாவது, இரகசியம் கசிவது. 2023இல் தென்கொரியாவின் சம்சுங் நிறுவன ஊழியர்கள், மென்பொருள் குறியீடுகளையும் உள்ளகக் கூட்டமொன்றின் விபரங்களையும் சட் ஜிபிடியில் உள்ளிட்டமை தெரியவந்தது. இதனையடுத்து, அவ்வாண்டு மே மாதத்தில் அந்நிறுவனம் தனது கணினிகளில் இத்தகைய சேவைகளைத் தடைசெய்தது. எந்த விலைக்குக் கீழ் இறங்க முடியாது என்பதே விலை பேசச் செல்பவரின் முதன்மையான இரகசியம். அதனைப் பிறர் நிர்வகிக்கும் கணினிக்கு அறிவிக்குமுன் இருமுறை சிந்திப்பது நன்று. வாடிக்கையாளரின் பெயர், கடன் விபரம், அடையாள அட்டை இலக்கம் என்பனவோ அவரது அனுமதியின்றிப் பகிரத்தக்கவையல்ல. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென இலங்கையிலும் 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளமையை மறந்துவிடலாகாது.

ஆகவே, வினாக்களைத் தயாரிக்கவும் மொழியைச் செப்பனிடவும் இக்கருவியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் விலை, வரி, வட்டி, சட்டம் தொடர்பான ஒவ்வொரு தகவலையும் உரிய வங்கியிடமோ, திணைக்களத்திடமோ, கணக்காளரிடமோ உறுதிப்படுத்திய பின்னரே சந்திப்புக்குச் செல்ல வேண்டும். பெயர்களையும் இரகசியத் தொகைகளையும் நீக்கிவிட்டு வினவும் பழக்கமும் அவசியம்.

இவற்றைத் தனித்தனியாக ஒவ்வொருவரும் நட்டப்பட்டுக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. வர்த்தக சங்கங்களும் பிரதேச செயலகங்களும் தமிழ்மொழி மூலமான குறுகிய காலப் பயிற்சிகளை நடத்த முன்வர வேண்டும். மொழித்தடையைத் தாண்டக் கிடைத்துள்ள இவ்வாய்ப்பு, போதிய வழிகாட்டலின்மையால் நமது சிறு வர்த்தகர்களுக்குப் புதிய இழப்பாக மாறிவிடக் கூடாது என்பதே எமது எதிர்பார்ப்பாகும்.