கரி அள்ளிய கைகள் உருவாக்கிய தலைநகர்!

வேல்ஸ் நாட்டின் தலைநகர் கார்டிப்.

அங்கே போகிறவர்களுக்கு முதலில் காட்டுவது கோட்டையைத்தான். ஊரின் நடுவிலேயே நிற்கிறது. ரோமானியர் காலத்துக் கோட்டை இருந்த இடம் அது. 19-ம் நூற்றாண்டில் பியூட் பிரபு குடும்பத்தார் அறைகளில் தங்கத்தைக் கொட்டி அலங்கரித்தார்கள். கண் கூசும்!

ஆனால், கார்டிப்பை நகரமாக்கியது கோட்டை அல்ல. துறைமுகம்.

1801-ம் ஆண்டுக் கணக்குப்படி அந்த ஊரில் 2 ஆயிரம் பேர் கூட இல்லை. 1839-ல் பியூட் பிரபு சொந்தப் பணத்தில் கப்பல் துறை கட்டினார். மலைப் பள்ளத்தாக்குகளில் வெட்டிய நிலக்கரி ரெயிலில் வந்து கப்பல் ஏறியது. அதன் பிறகு கேட்கவேண்டுமா? 1901-ல் ஜனத்தொகை 1½ லட்சத்தைத் தாண்டியது. 1913-ல் மட்டும் 1 கோடி டன்னுக்கு மேல் கரி ஏற்றுமதி ஆயிற்று.

புலி விரிகுடா

அந்தக் கப்பல்களின் அடித்தளத்தில், அனல் கக்கும் உலைக்குக் கரி அள்ளிப் போட்டவர்கள் யார்? சோமாலியர்கள், ஏமன் நாட்டு அரபுக்கள், மேற்கிந்தியத் தீவினர். துறைமுகத்தை ஒட்டிய பியூட் டவுனில் அவர்கள் குடியேறினார்கள். அந்த ஊர்ப் பெண்களை மணந்தார்கள். "டைகர் பே" (புலி விரிகுடா) என்ற பெயர் உலகமெங்கும் மாலுமிகளுக்குத் தெரியும்.

உழைப்பு வேண்டும், உழைத்தவன் வேண்டாம்! 1919-ல் அவர்களைத் தாக்கிக் கலவரம் மூண்டது. 3 பேர் மாண்டார்கள்.

1952-ல் ஒரு கடைக்காரப் பெண்மணி கொலையுண்டார். மகமூது மத்தான் என்ற சோமாலிய மாலுமி மீது பழி விழுந்தது. அவருக்கு மனைவியும் 3 பிள்ளைகளும் இருந்தார்கள். அவருக்காக வாதாடிய வக்கீலே, கோர்ட்டில் அவரை அரைக் காட்டுமிராண்டி என்றார்! வேறு யார் அவரை நம்புவார்கள்? கார்டிப் சிறையில் தூக்கிலிட்டார்கள்.

1998-ல் அந்தத் தீர்ப்பு தவறு என்று அப்பீல் கோர்ட்டு ரத்து செய்தது. 46 ஆண்டுகள் கழித்து!

தூக்கு நடந்து 3 ஆண்டுகளில், 1955-ல், கார்டிப் தலைநகர் ஆனது. 1964-ல் கடைசி நிலக்கரிக் கப்பல் புறப்பட்டது. அந்த 10 ஆண்டுகளில்தான் பியூட் டவுனின் பழைய வீடுகளையும் இடித்தார்கள்.

1999-ல் கடல் வாயில் அணை கட்டினார்கள். அலை வற்றினால் வெறும் சேறாகத் தெரிந்த இடம் இன்று 500 ஏக்கர் ஏரி. கரையில் ஹோட்டல்கள், கலை அரங்கம், வேல்ஸ் நாட்டுச் சட்டசபை. அழகுதான், சந்தேகமில்லை. ஆனால், ஹோட்டல் ஜன்னலிலிருந்து ஏரியைப் பார்க்கிறவர், அங்கே கரி அள்ளியவர்களைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டாமா? கோட்டையைக் காட்டுகிறவர்கள் இதையும் காட்டவேண்டும். பிரபுவின் பெயரைச் சொல்லும்போது மத்தான் பெயரையும் சொல்லவேண்டும்.

தொடக்கம் ஆகியிருக்கிறது. பியூட் டவுனில் பிறந்தவர் திருமதி பெட்டி காம்பெல். "உன்னைப் போன்ற கறுப்புப் பெண்ணுக்கு இது எட்டாது" என்ற கருத்தில் பள்ளி ஆசிரியை பேச, சிறுமி அழுதாள். அந்தச் சிறுமிதான் பிறகு வேல்ஸ் நாட்டின் முதல் கறுப்பினத் தலைமை ஆசிரியை ஆனாள். அதுவும் பியூட் டவுன் பள்ளியிலேயே!

2021-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள். ரெயில் நிலையத்தின் அருகே இருக்கிறது. ரெயிலை விட்டு இறங்குகிறவர்கள், கோட்டைக்குப் போகுமுன் அந்த அம்மையாரைப் பார்த்துவிடலாம்.