விடுபட்ட வரவு

வங்கியில் பேரேடு எழுதிப் பிழைக்கிறவன் நான். வரவு வைக்காம விட்டா அது வராத பணம் ஆயிடாது. எழுதினவன் செஞ்ச தப்பு அது. ஆய்வுலகத்துப் பெரியவர்களுக்கு இது ஏன் புரியல?

2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் சொன்ன எச்-குறியீட்டெண்ணைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். பத்துக் கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் பத்து மேற்கோளாவது இருந்தால் எண் 10. சரி, மேற்கோள் காட்டுகிற கை யாருடையது?

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, 1914இல் மறையும்வரை வாராவாரம் எழுதினார். அதே சென்னையில் பல்கலைக்கழக நூலகராயிருந்த ரங்கநாதன் 1931இல் ஐந்து விதிகள் வகுத்தார். எந்த நூலுக்கும் அதற்கான வாசகர் கிடைக்கணும்கிறது மூணாவது விதி. பண்டிதருக்கு அது பலித்ததா? ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டையிலிருந்து வர 1999 ஆயிற்று. அதுவரை அந்தத் தாள்களைக் காப்பாற்றியது யார்? நம்ம சனங்கதான். அவர்களுக்கு எந்தக் குறியீட்டெண்?

ஆய்வு எழுதப்போகிற தோழர்களே, பண்டிதரிடம் எடுத்தால் பண்டிதர் என்று எழுதுங்கள். சேரிக் கிழவி பாடிய பாட்டுக்கு, அவள் சம்மதம் கேட்டு, அவள் பேரைப் போடுங்கள். 'தகவலாளி'ன்னு முடிச்சிடாதீங்க. தெரிந்தே பேரை விடுவது மறதியில்லை, திருட்டு.