ஆகாயத்தில் முதல் மரியாதை

நம் கிராமங்களில் கோயில் உற்சவம் வந்துவிட்டால், பரிவட்டம் முதலில் யாருக்குக் கட்டுவது என்ற வழக்கும் கூடவே வந்துவிடும். இரண்டு ஊர்கள் சேர்ந்து ஒரே தேரை இழுப்பதென்றால் கேட்கவே வேண்டாம். தேர் நிலையிலேயே நிற்கும். வழக்கு மட்டும் வீதி வீதியாக ஊர்வலம் போகும். இதைக் கண்டு, "எல்லாம் படிப்பில்லாத குறை!" என்று புன்னகை செய்யும் மேதாவிகள் நம்மிடையே பலர் உண்டு. அவர்கள் ஐக்கிய அமெரிக்காவின் ஆகாய விமானிகளுடைய சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். அங்கும் இதே வழக்குத்தான். ஒரே ஒரு வித்தியாசம்: நம் ஊரில் பரிவட்டம் கிடைக்காதவர் மனம் புண்பட்டு வீட்டுக்குப் போகிறார், அங்கே வரிசையில் பின் தள்ளப்பட்டவர் உத்தியோகத்தையே இழந்து வீட்டுக்குப் போகிறார்.

அமெரிக்காவின் பெரிய விமானக் கம்பெனி ஒவ்வொன்றிலும் விமானிகளுக்கென்று ஒரு ஜாபிதா இருக்கிறது. எந்தத் தேதியில் வேலைக்கு வந்தாரோ அந்தத் தேதியின் வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதற்கு ஸீனியாரிட்டி எண் என்று பெயர். எந்த ஊரைத் தலமாகக் கொண்டு வேலை செய்வது, எந்த ரக விமானத்தை ஓட்டுவது, காப்டன் ஆசனமா அல்லது துணை விமானி ஆசனமா, கிறிஸ்துமஸ் தினத்தில் குழந்தைகளோடு இருப்பதா அல்லது நடு ஆகாயத்தில் இருப்பதா—இத்தனையையும் தீர்மானிப்பது அந்த எண்தான். ஆட்குறைப்பு வரும்போது கடைசியாக வந்தவர் முதலில் வெளியேற வேண்டும். நல்ல காலம் திரும்பினால், கடைசியாக வெளியேறியவர் முதலில் உள்ளே வருவார்.

இந்த ஏற்பாட்டில் மூடத்தனம் ஒன்றுமில்லை. அமெரிக்க விமானிகள் 1931-ஆம் வருஷத்தில் சங்கம் அமைத்ததற்குக் காரணங்கள் பல இருந்தன. புயலிலும் மூடுபனியிலும் பறக்க மறுத்த விமானியை மானேஜர் மறுநாளே நீக்கிவிட முடியுமானால், பிரயாணிகளின் உயிருக்கு யார் உத்தரவாதம்? தேதி வரிசை என்பது மானேஜரின் தயவுக்கும் கோபத்துக்கும் கட்டுப்படாதது. அது விமானியின் முதுகெலும்பை நிமிர்த்தி வைக்கிறது. "இன்று வானம் சரியில்லை, விமானம் கிளம்பாது" என்று அவர் துணிந்து சொல்லலாம். அவ்வாறு சொன்னதற்காக அவருடைய எண் குறைந்துவிடாது.

ஆனால் அந்த எண்ணில் ஒரு பெரும் சங்கடம் இருக்கிறது. அது ஒரு கம்பெனிக்குள் மட்டுமே செல்லும் நாணயம். முப்பது வருஷம் காப்டனாக இருந்தவரானாலும், தம் கம்பெனி மூடப்பட்டு வேறு கம்பெனிக்குப் போனால், அங்கே நேற்று வந்த இளைஞனுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். சம்பளமும் புது ஆளின் சம்பளமே. ஆகையால் விமானியும் கம்பெனியும் விவாகரத்து இல்லாத தம்பதிகளைப் போல் வாழ்கிறார்கள்.

கம்பெனி சுருங்கும்போது நடப்பதை வாசகர்கள் கொஞ்சம் பொறுமையுடன் கவனிக்க வேண்டும். 2020-ஆம் வருஷத்தில் கொரோனா நோய் உலகை முடக்கியபோது, டெல்டா என்னும் அமெரிக்கக் கம்பெனி தன்னிடமிருந்த பதினெட்டு 'போயிங் 777' விமானங்களையும் ஒரேயடியாக ஓய்வுக்கு அனுப்பியது. இவ்வாறு ஒரு பெரிய ரகம் மறைந்தால், அதை ஓட்டிய மூத்த காப்டன் வீட்டுக்குப் போவதில்லை. அவருடைய எண் உயர்ந்த எண். ஆகவே அடுத்த ரக விமானத்தில் தம்மைவிட இளையவராக இருக்கும் காப்டனின் ஆசனத்தை அவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இடம் இழந்தவர் அதனினும் சிறிய விமானத்துக்கு இறங்குகிறார். அங்கே இருந்த காப்டன், காப்டன் பதவியையே விட்டுத் துணை விமானியாகிறார். அந்தத் துணை விமானி மேலும் கீழே இறங்க, கடைசிப் படியில் நிற்கும் இளைஞன் தெருவுக்கு வருகிறான். மேலே ஒருவர் நகர்ந்தால் கீழே நாலு பேர் உருள்கிறார்கள். உருண்டவர் ஒவ்வொருவரும் புது ரக விமானத்துக்காகப் பல வாரம் பயிற்சி பெற வேண்டும். செலவைக் குறைப்பதற்காகச் செய்த காரியம் இப்படிப் புதுச் செலவொன்றைக் கூட்டிக்கொண்டு வருகிறது.

இது ஒரே வீட்டுச் சமாசாரம். இரண்டு வீடுகள் ஒன்றானால் என்ன ஆகும்? இரு குடும்பங்கள் ஒரே சமையலறைக்கு வந்தால், மூத்த மருமகள் யார் என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

டி. டபிள்யூ. ஏ. என்பது அமெரிக்க விமான சரித்திரத்தில் புகழ் வாய்ந்த பெயர். அந்த ஸ்தாபனம் 2001-ஆம் வருஷம் ஜனவரியில் திவாலாகி, ஏப்ரலில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வசம் சென்றது. வாங்கிய கம்பெனியின் விமானிகளுக்குத் தனிச் சங்கம் உண்டு. "மூழ்கும் கப்பலிலிருந்து உங்களைக் கரையேற்றினோம், கரையில் முன்வரிசையும் வேண்டுமா?" என்பது அவர்களுடைய நியாயம். முடிவில் டி. டபிள்யூ. ஏ. விமானிகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர், எத்தனை வருஷம் ஸேவை செய்திருந்தாலும், ஜாபிதாவின் அடியில் வால் போல் ஒட்டப்பட்டனர். அதே வருஷம் ஸெப்டம்பர் 11-ஆம் தேதி நியூயார்க் நகரில் நடந்த பயங்கரத்தை உலகம் அறியும். பிரயாணிகள் குறைந்தனர், ஆட்குறைப்பு வந்தது. ஒட்டப்பட்ட வால்தான் முதலில் வெட்டப்பட்டது. தலை நரைத்த காப்டன்கள் வீட்டில் உட்கார்ந்தனர்.

அவர்கள் தங்களுடைய பழைய சங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். அமெரிக்கன் கம்பெனியின் விமானிகளைத் தன் பக்கம் இழுக்கும் ஆசையால் சங்கம் தங்களைக் கைவிட்டுவிட்டது என்பது வாதம். 2011-ல் ஜூரிகள் சங்கத்தின் மீது குற்றம் கண்டனர். 2014-ல் ஐந்து கோடியே முப்பது லட்சம் டாலருக்கு ராஜியாயிற்று. பணம் வந்தது, பறக்கும் வயது திரும்பி வருமா? இந்த அநியாயத்தின் விளைவாக, 2007-ஆம் வருஷம் டிஸம்பரில் அமெரிக்கச் சட்டசபை ஒரு விதி செய்தது. விமானக் கம்பெனிகள் இணையும்போது இரு ஜாபிதாக்களையும் நியாயமாகவும் நடுநிலையாகவும் சேர்க்க வேண்டும். உடன்பாடு ஏற்படாவிட்டால் மத்தியஸ்தரிடம் போக வேண்டும் என்பது அதன் சாரம்.

மத்தியஸ்தர் வந்துவிட்டால் மட்டும் சாந்தி பிறந்துவிடுமா? இன்னொரு கதையைக் கேளுங்கள். 2005-ஆம் வருஷம் ஸெப்டம்பரில் யு. எஸ். ஏர்வேஸ் கம்பெனியும், அரிஸோனா மாகாணத்து அமெரிக்கா வெஸ்ட் கம்பெனியும் இணைந்தன. முன்னது பழைய கம்பெனி. ஆனால் இரண்டாம் தடவை திவாலில் கிடந்தது. அதன் விமானிகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஆட்குறைப்பில் வெளியே இருந்தனர். பின்னது இளைய கம்பெனி. அங்கே வேலை இருந்தது. "வேலைக்கு வந்த தேதியைப் பாருங்கள்" என்றனர் கிழக்கே இருந்தவர்கள். "இணைப்புக்கு யார் என்ன கொண்டு வந்தார்கள் என்று பாருங்கள், இல்லாத வேலைக்கு முன்னிடம் ஏது?" என்றனர் மேற்கே இருந்தவர்கள்.

மத்தியஸ்தர் ஜார்ஜ் நிக்கோலாவ் 2007 மே மாதத்தில் தீர்ப்பளித்தார். பெரிய விமானங்களை ஓட்டிய கிழக்கத்திய விமானிகள் 517 பேருக்கு ஜாபிதாவின் உச்சியில் இடம். வெளியே இருந்தவர்களுக்கு அடியில் இடம். நடுவில் உள்ளவர்களை விகிதப்படி கலந்து கோத்தார். இதன்படி பதினாறு வருஷத்துக்கு மேல் ஸேவை செய்து ஆட்குறைப்பில் வெளியே நின்றவர், மேற்கே சில மாதங்களுக்கு முன் சேர்ந்தவருக்கும் பின்னால் போனார். கிழக்கத்தியார் கொதித்தெழுந்தனர். எண்ணிக்கையில் அவர்களே அதிகம். 2008-ல் பழைய சங்கத்தையே ஓட்டெடுப்பில் வீழ்த்தி, தேதி வரிசைதான் தர்மம் என்று முழங்கும் புதுச் சங்கத்தை அமைத்தார்கள். மேற்கத்தியார் கோர்ட்டுக்குப் போனார்கள். 2009-ல் ஜெயித்தார்கள், 2010-ல் அப்பீல் கோர்ட்டு, வழக்குக்கு இன்னும் காலம் கனியவில்லை என்று அதைத் தள்ளியது, 2015-ல் மறுபடி ஜெயித்தார்கள். அதற்குள் 2013-ல் அந்தக் கம்பெனியே அமெரிக்கன் ஏர்லைன்ஸுடன் இணைந்துவிட்டது! எல்லோருக்கும் பொதுவான ஜாபிதா வெளியான மாதம் 2016 ஸெப்டம்பர். முதல் இணைப்புக்குச் சரியாகப் பதினொரு வருஷம் பின்.

இந்தக் காலத்தில் லாபம் அடைந்தவர் யார்? பொது ஜாபிதா இல்லாததால் பொது சம்பள ஒப்பந்தமும் இல்லை. கிழக்கத்தியார் பல வருஷம் திவால் காலத்துச் சம்பளத்திலேயே பறந்தார்கள். இரண்டு பூனைகள் அப்பத்துக்குச் சண்டையிட்டால் குரங்குக்கு என்ன கிடைக்கும் என்பதை நம் பாட்டிமார் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

அதே கம்பெனியில் நடந்த மற்றொரு சம்பவமும் நினைவுக்கு வருகிறது. 2009 ஜனவரி 15-ஆம் தேதி, நியூயார்க் நகரில் கிளம்பிய விமானமொன்றின் இரு இயந்திரங்களும் பறவைகள் மோதியதால் செயலற்றுப் போயின. காப்டன் ஸல்லன்பெர்கர் விமானத்தை ஹட்ஸன் நதியின் மீது இறக்கினார். விமானத்தில் இருந்த 155 பேரும் பிழைத்தனர். அவருக்கு அருகில் துணை விமானியாக உட்கார்ந்திருந்தவர் ஜெப்ரி ஸ்கைல்ஸ். பதினையாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்; முன்பு காப்டனாகவே இருந்தவர். கம்பெனி சுருங்கியதால் துணை ஆசனத்துக்கு இறக்கப்பட்டவர். அந்த ரக விமானத்தில் அவருக்கு அனுபவம் முப்பத்தேழு மணி நேரந்தான். பயிற்சி முடித்துப் புதிதாக வந்திருந்தார். பதவி இறங்கியது, திறமை இறங்கவில்லை. தலைவர் விமானத்தைச் செலுத்த, இவர் இயந்திரங்களுக்கு உயிரூட்டப் பதற்றமின்றி முயன்றுகொண்டிருந்தார். அடுத்த மாதம் ஸல்லன்பெர்கர் அமெரிக்கச் சட்டசபைக் கமிட்டியின் முன் சாட்சி சொன்னபோது, தம் சம்பளத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்ததையும், ஓய்வூதியம் பறிபோனதையும் எடுத்துரைத்தார். உலகம் மாலையிட்ட வீரருடைய நிலை அது!

இதெல்லாம் அந்நிய தேசத்துக் கதை என்று நாம் இருந்துவிட முடியாது. சுதந்திர இந்தியா 1953-ல் எட்டு உள்நாட்டு விமானக் கம்பெனிகளை ஒன்றாக்கி இந்தியன் ஏர்லைன்ஸ் ஸ்தாபனத்தை அமைத்தது. 2007-ல் அதையும் ஏர் இந்தியாவையும் சர்க்கார் இணைத்தனர். காகிதத்தில் இணைந்தன, விமானிகளின் மனத்தில் இணையவில்லை. சம சம்பளம் கேட்டு 2011-ல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலை நிறுத்தம் செய்தனர். 2012 மே மாதத்தில் பழைய ஏர் இந்தியா விமானிகளின் முறை வந்தது. புதிதாக வரவிருந்த 'போயிங் 787' விமானத்துக்கான பயிற்சியை மற்றவர்களுக்கும் பங்கிடலாகாது, அதனால் தங்கள் பதவி உயர்வு தாமதமாகும் என்பது அவர்களுடைய குறை. சுமார் நூறு பேர் நீக்கப்பட்டனர். எட்டு வாரத்துக்கு மேல் நீடித்த போராட்டம், டில்லி ஹைகோர்ட்டில் ஜூலை முதல் வாரத்தில் முடிந்தது. நஷ்டம் பொதுஜனங்களின் வரிப்பணத்தின் தலையில் விழுந்தது. 2022-ல் ஏர் இந்தியா மீண்டும் டாட்டாக்களிடம் சென்றது. 2024 நவம்பரில் விஸ்தாராவும் அதனுடன் இணைந்தது. மறுபடியும் இரண்டு வீட்டார் ஒரே கூரையின் கீழ்!

அப்படியானால் வழிதான் என்ன? வரிசையே வேண்டாம், திறமை பார்த்து இடம் கொடுக்கலாம் என்பார் சிலர். திறமையை அளப்பவர் யார்? மானேஜர்தானே? விமானிகள் எந்தத் தயவிலிருந்து தப்புவதற்காகச் சங்கம் அமைத்தார்களோ, அதே தயவுக்கு அவர்களைத் திருப்பி அனுப்புவதாகும் அது. வரிசை இருக்கட்டும். ஆனால் கஷ்டகாலத்தின் முழுப் பாரத்தையும் வரிசையின் கடைசியில் நிற்பவன் முதுகில் ஏற்ற வேண்டுமென்று எந்த தர்மமும் சொல்லவில்லை.

இதற்கு உதாரணத்தையும் அதே அமெரிக்காவே காட்டியிருக்கிறது. 2020-ல் யுனைடெட் கம்பெனி 2,850 விமானிகளை நிறுத்தவிருந்தது. விமானிகள் எல்லோரும் தங்கள் பறக்கும் நேரத்தைச் சிறிது சிறிது குறைத்துக்கொள்ளச் சம்மதித்தனர். அந்த ஆட்குறைப்பு அப்போது தவிர்க்கப்பட்டது. டெல்டாவில் மாத உத்தரவாத நேரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு விட்டுக்கொடுத்தார்கள். சுமார் 1,700 இளைஞர்களின் வேலை தப்பியது. மேலே இருப்பவன் தன் இலையில் ஒரு கவளம் குறைத்துக்கொண்டால், கடைசிப் பந்திக்காரன் பட்டினியாக எழுந்திருக்க வேண்டியதில்லை.

நம் தேசத்தில் விமானங்கள் பெருகி வருகின்றன. விமானி ஆக வேண்டுமென்று கனாக் காணும் இளைஞரும் யுவதிகளும் பெருகி வருகின்றனர். அதற்காகப் பல குடும்பங்கள் நிலத்தையும் நகையையும் அடமானம் வைக்கின்றன. கம்பெனிகள் இணையும், பிரியும், ஒரு நாள் மூடியும் போகும். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் விமானங்கள் நின்றுபோனதை யார் மறக்க முடியும்? ஆகையால் இணைப்புக்கான பத்திரத்தில் முதலாளிகள் கையெழுத்திடும் முன்பே, சிப்பந்திகளின் வரிசை என்ன, ஆட்குறைப்பு வந்தால் பாரம் எப்படிப் பங்கிடப்படும், பிணக்கு வந்தால் தீர்ப்பளிப்பவர் யார், எத்தனை மாதத்துக்குள் என்பதெல்லாம் எழுதப்பட்டாக வேண்டும். அமெரிக்கச் சட்டசபை 2007-ல் செய்ததை நம் பார்லிமெண்டும் செய்யலாம்; அதைவிட நன்றாகவும் செய்யலாம்.

மழை பெய்யும்போது கூரை வேயப் புறப்படுகிறவனுக்கு, வீடும் நனையும், தலையும் நனையும். கூரை வேய்வதற்கு உகந்தது வெயில் காலந்தான்.