பத்தாவது நாற்காலி

எகானமி வகுப்பில் நெடுந்தூரம் பறக்க எந்த விமானம் நல்லது என்று நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் பேச்சு திரைக்கு வந்துவிடும். “அதுல ஸ்க்ரீன் பெருசு மச்சி.” “இதுல தமிழ்ப் படம் நிறைய இருக்கு.” நானும் அப்படிப் பேசியவன்தான். அந்தப் பேச்சே நம்மை ஏமாற்றுகிறது என்பது இப்போது என் கட்சி.

அக்காவின் பிரசவத்துக்கு அம்மா சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போக வேண்டியிருந்தது. டிக்கெட் போடும் வேலை என்னுடையது. மென்பொருள்காரன் புத்தி, எக்செல் ஷீட் போட்டேன். திரை எத்தனை அங்குலம், தமிழ்ப் படம் எத்தனை, யுஎஸ்பி உண்டா, இடையில் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும். எல்லாவற்றிலும் ஜெயித்த விமானம் விலையும் குறைவு. வேடிக்கை பார்க்கட்டும் என்று ஜன்னலோர இருக்கையும் பிடித்துக் கொடுத்தேன்.

போய்ச் சேர்ந்ததும் போனில் கேட்டேன், “என்னம்மா படம் பாத்த?”

“படமா? ப்ளேன் போற மேப்பையே பாத்துட்டு வந்தேன்டா. பக்கத்துல ரெண்டு பேரும் தூங்கிட்டாங்க. எப்படி எழுப்புறது? பாத்ரூம் வந்துடும்னு தண்ணியே குடிக்கல.”

இரண்டாவது விமானம் மட்டும் 16 மணி நேரம். இறங்கும்போது பாதம் வீங்கிச் செருப்பு ஏறவில்லையாம். அக்கா சொல்லித்தான் தெரியும். அம்மாவுக்கு வயது 63.

என் ஷீட்டில் நாற்காலியின் அகலத்துக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

அதன்பிறகுதான் படித்தேன். போயிங் 777 விமானம் 1995-ல் சேவைக்கு வந்தபோது எகானமியில் பெரும்பாலும் வரிசைக்கு 9 பேர். நாற்காலியின் அகலம் சுமார் 18.5 அங்குலம். இன்று அதே விமானத்தில் பெரும்பாலும் 10 பேர், சுமார் 17 அங்குலம். விமானத்தின் உடல் ஓர் அங்குலம்கூடப் பெருக்கவில்லை. பத்தாவது நாற்காலிக்கான இடம் மற்ற ஒன்பது பேரின் தோளிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் வந்தது. 787-ஐ வரிசைக்கு 8 பேர் உட்காரும்படியும் அமைக்கலாம். ஜப்பான் ஏர்லைன்ஸ் நெடுந்தூர விமானங்களில் அப்படித்தான் வைத்திருக்கிறது. மற்ற எல்லோரும் ஏறக்குறைய 9 பேரைத்தான் உட்கார வைக்கிறார்கள்.

நாற்காலி சுருங்கிய இதே காலத்தில்தான் திரை வளர்ந்தது. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பக்கம் மெதுவாகத் திறக்கிறது, வேகப்படுத்த நேரமும் பணமும் இல்லை என்றால், நடுவில் சுழலும் வட்டம் ஒன்றைப் போட்டுவிடுவோம். காத்திருப்பது குறையாது, காத்திருப்பது உறைக்காது. முன்னிருக்கையின் முதுகில் இருக்கும் திரை அந்தச் சுழலும் வட்டம்தான். பழைய விமானங்களில் அந்தத் திரையை இயக்கும் பெட்டி இருக்கைக்கு அடியில், நம் கால் நீட்ட வேண்டிய இடத்திலேயே இருக்கும்.

“மலிவா வேணும்னு கேட்டது நீதானே? காசு குடுத்து பிசினஸ் கிளாஸ்ல அனுப்பியிருக்கலாமே?” என்பார்கள். பத்தாவது நாற்காலியால் டிக்கெட் விலை குறைகிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதைக் குறைத்து மலிவாக்கினீர்கள் என்று கடையில் எழுதி வைக்க வேண்டாமா? படங்களின் எண்ணிக்கைக்கு விளம்பரம் இருக்கிறது. அகலத்துக்கு யார் விளம்பரம் செய்தார்கள்?

சட்டமும் துணைக்கு வரவில்லை. அமெரிக்காவில் 2017-ல் ஒரு நீதிபதி இதைச் ‘சுருங்கிக்கொண்டே போகும் விமான இருக்கை வழக்கு’ என்றே வர்ணித்தார். 2018-ல் அந்நாட்டுச் சட்டம், இருக்கைக்குக் குறைந்தபட்ச அளவை ஓராண்டுக்குள் நிர்ணயிக்கச் சொன்னது. விமானப் போக்குவரத்துத் துறை 2022-ல்தான் மக்களிடம் கருத்தே கேட்டது. அதுவும் எதைப் பற்றி? விபத்து நேர்ந்தால் பாதி வாசல்கள் வழியாக 90 விநாடியில் எல்லோரும் வெளியேற முடியுமா என்பதைப் பற்றி. அந்த 90 விநாடிக்காவது விதி இருக்கிறது. அம்மா உட்கார்ந்திருந்த 16 மணி நேரத்துக்கு எந்த விதியும் இல்லை.

இது வெறும் சொகுசுப் பிரச்சினையும் அல்ல. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொல்லிவிட்டது. ஆரோக்கியமானவர்களில் 6,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு, பயப்படத் தேவையில்லைதான். எழுந்து நட, தண்ணீர் குடி என்பார்கள். அம்மா செய்ய முடியாமல் போனது சரியாக அந்த இரண்டையும்தான். அந்தக் கூச்சத்தை அவள் வீட்டிலிருந்து கொண்டுபோனாள், உண்மை. ஆனால் இரண்டு பேரின் முழங்காலைத் தாண்டினால்தான் வெளியே வரமுடியும் என்ற ஏற்பாட்டை அவள் செய்யவில்லை. அதை ஜன்னலோரம் என்று பெருமையாக வாங்கிக் கொடுத்தவன் நான்.

திரும்பி வர வேறு டிக்கெட் போட்டேன். வரிசைக்கு 9 பேர் உட்காரும் ஏ350, நடைபாதையை ஒட்டிய இருக்கை. சில ஆயிரம் ரூபாய் அதிகம். மீனம்பாக்கத்தில் இறங்கி, பெட்டியைத் தானே தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். அந்த விமானத்தில் என்னென்ன படம் இருந்தது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அடுத்த தடவை வீட்டில் யாருக்காவது டிக்கெட் போடும்போது படப்பட்டியல் பக்கமே போகாதீர்கள். இருக்கை வரைபடத்தைத் திறந்து, ஒரு வரிசையைக் குறுக்கே எண்ணுங்கள். 777 என்றால் 9 பேரா 10 பேரா? 787 என்றால் 8 பேரா 9 பேரா? அதற்குப் பிறகு விலையைப் பாருங்கள்.