தோற்கவாவது போகலாமா?



போன செமஸ்டரில் நம் கேண்டீனில் நடந்த சண்டை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெண்கள் கூடைப்பந்து அணி எந்தப் போட்டிக்குப் போவது என்பதுதான் சண்டை. ஓ.டி.யும் பஸ் செலவும் ஒரே ஒரு போட்டிக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். பாலிடெக்னிக்குகள் மட்டும் ஆடும் போட்டி என்றால் கோப்பை ஏறக்குறைய நிச்சயம். கலைக் கல்லூரி, இன்ஜினியரிங் கல்லூரி எல்லாம் வருகிற பொதுப் போட்டி என்றால் முதல் ஆட்டத்திலேயே மூட்டை கட்ட வேண்டியதுதான். மெக்கானிக்கல் அண்ணன்மார் மேஜையைத் தட்டிப் பேசினார்கள். சிவில்காரர்கள் எதிர்த்துத் தட்டினார்கள். டீ ஆறிப் போச்சு. எங்கள் ஆட்டத்தைப் பார்க்க முப்பது பேர் வந்தாலே அதிசயம். எங்களைப் பற்றிப் பேச அன்றைக்கு நூறு பேர்! ஆடுகிற ஏழு பேரை மட்டும் யாரும் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முடிவு உங்களுக்குத் தெரியும். பாலிடெக்னிக் போட்டிக்கே போனோம், ஜெயித்தோம். இந்த மலரில் எங்காவது படம் போட்டிருப்பார்கள். இடது ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது நான்தான். சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை. எங்க வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா நரிக்குடிப் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். 'வின்னர்' என்று போட்ட சர்டிபிகேட்டை நீட்டினேன். "என் கை கரி, நீயே பிடிச்சுக் காட்டுத்தா" என்றார். அம்மாவுக்கு மட்டும் இன்னும் சந்தேகம் தீரவில்லை. "போட்டதும் கீழ விழுந்துருது, அடியில்லாத கூடை. அதுல போடவா இத்தனை பேரு அடிச்சுக்கிறீங்க?"

ஆனால் படத்தில் தெரியாத ஒன்று உண்டு. அந்த இறுதி ஆட்டத்தில் எதிரணி எடுத்தது மொத்தம் 9 புள்ளி. அவர்களில் இரண்டு பேர் அந்த வாரம்தான் பந்தைத் தொட்டவர்கள், பந்தைத் தட்டிக்கொண்டு நாலடி போவதற்குள் நாங்கள் பிடுங்கிவிடுவோம். மூன்றாவது குவார்ட்டரில் எனக்கே கூச்சமாகிவிட்டது. ஆட்டம் முடிந்ததும் அந்த அணிப் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்து, "அக்கா, நீங்க எல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நாங்களும் பெரிதாக எங்கேயும் கத்துக்கொள்ளவில்லையே!

"மேலே போனா கேவலமா தோப்பீங்க, இந்தியாவுக்கு ஆனது தெரியாதா?" என்று அன்று ஒரு அண்ணன் கேட்டார். உண்மைதான், தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த பெண்கள் ஆசியக் கோப்பையில் நம் நாட்டு அணி 'பி' பிரிவில் ஆடியது. கேப்டன் சென்னைப் பெண், அனிதா பால்துரை. ஒரு குழந்தைக்குத் தாயான பிறகு திரும்பி வந்து ஆடியவர். இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று இரண்டே புள்ளியில் வென்று 'ஏ' பிரிவுக்கு ஏறினார்கள். (அனிதாவுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதுவரை நம் கேண்டீனில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? கிரிக்கெட் என்றால் பன்னிரண்டாவது ஆள் பெயர் வரை தெரியும் நமக்கு.)

ஏறின பிறகு? 2019-ல் அதே பெங்களூரில், எட்டு அணிகளில் எட்டாவது இடம். 2021-ல் ஜோர்டான் நாட்டு அம்மானில் மறுபடியும் எட்டாவது. திரும்ப 'பி' பிரிவுக்கு இறக்கிவிட்டார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத ஜப்பானோடு மோதினால் வேறென்ன நடக்கும்?

இதைக் காட்டித்தான் அண்ணன் "போகாதே" என்றார். நான் இதை வேறு மாதிரி பார்க்கிறேன். ஏறினது தப்பில்லை. ஒரு கோப்பைக்கும் அடுத்த கோப்பைக்கும் நடுவில் இரண்டு வருஷம் கிடக்கிறதே, அந்த நாளில் யாரோடு ஆடினார்கள், எத்தனை தடவை ஆடினார்கள் என்பதுதான் கேள்வி. பெரிய அணியைப் பரீட்சை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்ப்பது என்றால் தேறுவது எப்படி? அரியர் வைத்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் உதாரணம் செல்போனில் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் கல்லூரி அணிகள் 'கான்பரன்ஸ்' என்று கூட்டம் கூட்டமாகப் பிரிந்து ஆடும், நம் ஊர் கோட்டம் மாதிரி. கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் அணி பெரிய அணி. 2013-ல் அவர்களுடைய பழைய கூட்டம் உடைந்து, பலமில்லாத அணிகள் நிறைந்த கூட்டத்தில் மாட்டிக்கொண்டார்கள். 2020 வரை அங்கே ஆடிய 139 ஆட்டத்திலும் வெற்றி. ஒன்றில்கூடத் தோற்கவில்லை! எங்கள் 9 புள்ளி ஆட்டம் மாதிரி 139 ஆட்டம் ஆடினால் துருப்பிடித்துத்தானே போக வேண்டும்? போகவில்லை. 2014, 2015, 2016 மூன்று வருஷமும் தேசிய சாம்பியன் அவர்கள்தான். காரணம், அவர்களுடைய கோச் ஜீனோ ஆரியம்மா தன் கூட்டத்துக்கு வெளியே இருந்த நோட்டர் டேம், சவுத் கரோலினா போன்ற பலசாலிகளாகப் பார்த்துத் தேடித்தேடி ஆட்டம் போட்டார். 2020-ல் பழைய நண்பர்கள் இருந்த கூட்டத்துக்கே திரும்பிவிட்டார்கள். 2025-ல் மறுபடியும் சாம்பியன்.

இந்த மாற்றங்களில் எல்லாம் ஆடுகிற பெண்களைக் கேட்பதில்லை என்பது மட்டும் எல்லா ஊரிலும் ஒன்று போலிருக்கிறது. 2024-ல் பசிபிக் கரையில் இருக்கிற ஸ்டான்போர்டை, பெரும்பாலும் அட்லாண்டிக் கரைக் கல்லூரிகள் ஆடும் கூட்டத்தில் சேர்த்தார்கள். டி.வி.க்காரர்கள் கொடுக்கிற பணம் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு, நாட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறப்பது கூடைப்பந்துப் பெண்கள். நம் பக்கத்திலும் 1990-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து மனோன்மணியம் சுந்தரனார் பிரிந்தபோது நெல்லைச் சீமைக் கல்லூரிகளின் போட்டி வட்டமே மாறிப்போனது. எந்த ஆட்டக்காரியைக் கேட்டிருப்பார்கள்?

ஆகவே என் கட்சி இதுதான். பாலிடெக்னிக் போட்டியை விட வேண்டாம், அது நம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். ஆனால் பொதுப் போட்டிக்கும் பெயர் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் பத்து ஆட்டமாவது பக்கத்துக் கலைக் கல்லூரி, ஸ்கூல் அணி என்று கிடைத்தவர்களோடு ஆட வேண்டும். சனிக்கிழமை அரை நாள் போதும். ஸ்கூல் பிள்ளைகளிடம் தோற்றால் என்ன, குடியா முழுகிவிடும்?

அப்புறம் ஒரு சின்ன விஷயம், எனக்கு அது சின்னதாகப் படவில்லை. பெண்கள் ஆட்டத்துக்கு 6-ஆம் நம்பர் பந்து. ஆண்களுக்கு 7. சுற்றளவில் ஓர் அங்குலம் குறைவு, எடையும் குறைவு. நாங்கள் வருஷம் முழுக்கப் பையன்கள் ஆடிவிட்டு வைத்த 7-ஆம் நம்பரில் பழகிவிட்டு, போட்டி அன்று 6-ஐக் கையில் எடுத்தால் முதல் ஐந்து நிமிஷம் எல்லாப் பந்தும் கூடையைத் தாண்டிப் போகிறது. மேல் பிரிவா கீழ்ப் பிரிவா என்று மேஜையைத் தட்டிய நூறு பேரும் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டிருந்தால் எங்களுக்கு ஒரு பந்து வந்திருக்கும்!

பஸ்ஸைப் பற்றியும் சொல்லணும். ஆறு மணி வரை பிராக்டிஸ் என்றால் நான் நரிக்குடி போய்ச் சேரும்போது எங்க ஊர் பஸ் போயிருக்கும். அப்பா சைக்கிளோடு வந்து நிற்பார். அவர் மூட்டத்தை விட்டு வர முடியாத நாளில் நான் பிராக்டிஸை விட வேண்டும். என்னை மாதிரி மூன்று பேர் அணியில் இருக்கிறார்கள். நாலு மணிக்கே கோர்ட்டைப் பெண்களுக்கு விட்டால் ஐந்தேகால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். வெயில்தான், நாங்க பார்க்காத வெயிலா?

இந்த ஏப்ரலோடு ஏழு பேரில் ஐந்து பேர் போகிறோம். லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் வருஷம் சேருகிறவர்கள் சேருவார்கள், மற்றவர்கள் ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு. அப்போது அணியில் மிச்சம் இரண்டு பேர். முதல் வருஷத்தில் பெண்களே கொஞ்சம், அதில் ஆட வருகிறவர்கள் அதைவிடக் கொஞ்சம். ஐந்து பேர் சேரவில்லை என்றால் எந்தப் பிரிவும் கிடையாது. அப்படி ஆனால் த்ரீ எக்ஸ் த்ரீ ஆடலாம். மூன்று பேர், மாற்று ஆள் ஒன்று, ஒரே கூடை, பத்து நிமிஷம் அல்லது முதலில் 21 புள்ளி. அரை கோர்ட் போதும். நம் கோர்ட்டில் நல்ல பாதியும் அந்த அரைதான்! விளையாட்டாகச் சொல்லவில்லை. டோக்கியோவிலிருந்து ஒலிம்பிக்கிலேயே இருக்கிறது. 2013-ல் தோகாவில் நடந்த ஆசிய த்ரீ எக்ஸ் த்ரீ போட்டியில் தங்கம் வாங்கியது இந்தியப் பெண்கள் அணி, அதிலும் அனிதா ஆடினார்.

கம்ப்யூட்டர் பிரிவு முதல் வருஷப் பிள்ளை ஒருத்தி போன வாரம் கோர்ட் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஷூ இல்லையாம். என் ஷூ அவளுக்கு ஒரு சைஸ் பெரிசு, முன்னால் துணி வைத்துக் கட்டிக்கொண்டு ஆடினாள். லே-அப் இரண்டு தவறியது, மூன்றாவது விழுந்தது. என் ஒன்பதாம் நம்பர் ஜெர்சியைத் துவைத்து பி.டி. சார் அறை பீரோவில் வைத்திருக்கிறேன். அவளிடம் சொல்லியும் விட்டேன்.

— இறுதியாண்டு மாணவி, மின் மற்றும் மின்னணுவியல் பிரிவு