நாடகம் படித்தால் எங்கே போகலாம்?

எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் முடித்த பிள்ளைகள் யூபியு விண்ணப்பத்தை நிரப்பும்போது, பொறியியல், கணக்கியல் என்று எழுதுவதை வீட்டில் யாரும் தடுப்பதில்லை. ஒருவர் 'நாடகத் துறை' என்று சொன்னால் மட்டும் பெற்றோர் உடனே, "படித்து முடித்து என்ன வேலை செய்வாய்?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். பதில் தேடப் பினாங்கைத் தாண்டிப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் (யுஎஸ்எம்) 1969-இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே அங்கு நிகழ்கலைப் படிப்பு தொடங்கியது. நாட்டில் அதுவே முதல் முயற்சி. அதற்கு வித்திட்டவர் குலாம் சர்வார் யூசோப். கிளந்தானின் மாக் யோங் நாடகத்தை ஆய்வு செய்து ஹவாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். 2005-இல் யுனெஸ்கோ அதே மாக் யோங்கை மனிதகுலத்தின் அரிய மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது.

நாடகப் படிப்பு பினாங்கில் வேர்விட்டதில் ஒரு பொருத்தமும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்கள் இங்கே மேடையேறின. அப்படி வந்த ஒரு குழு கலைந்தபோது, மாமாக் புஷி என்ற பினாங்குச் செல்வந்தர் அதன் உடைகளையும் மேடைப் பொருள்களையும் வாங்கிச் சொந்தக் குழு அமைத்தார். மலாய் பங்சாவான் நாடகம் வளர்ந்தது அந்த வழியில்தான்.

இங்கே படித்தவர்களும் கற்பித்தவர்களும் எங்கே போனார்கள்? இரண்டு பேரைச் சொல்கிறேன். மரியோன் டி'குருஸ் யுஎஸ்எம்-இல் ஜோகெட் கமலான் நடனத்தை ஆய்வு செய்து முதுகலை முடித்தார். 1984-இல் கிருஷன் ஜிட், கே.எஸ். மணியம் முதலியோருடன் சேர்ந்து ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டரை நிறுவினார். பின்னர் அஸ்வாராவில் விரிவுரையாளராகவும் பணியாற்றினார். ஜேனட் பிள்ளை யுஎஸ்எம்-இல் நாடகம் கற்பித்தவர். ஜார்ஜ்டவுன் நகரத்துப் பிள்ளைகள் தங்கள் தெருவின் தொழில்களையும் கதைகளையும் திரட்டிக் கலையாக்கும் பயிற்சியை ஆர்ட்ஸ்-எட் அமைப்பின் வழி வளர்த்தார்.

இருவருமே நடிப்பை மட்டும் நம்பி நிற்கவில்லை. கற்பித்தார்கள், ஆய்வு செய்தார்கள், அமைப்பு நடத்தினார்கள். நாடகப் பட்டதாரியின் வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான் அமையும். சிறிய வகுப்பில் நடிக்கிறவரே ஒளியமைப்பும் பார்ப்பார், வரவு செலவுக் கணக்கும் எழுதுவார், குறித்த நாளில் திரையைத் தூக்கவும் பொறுப்பேற்பார். அந்தத் திறன்கள் மேடைக்கு வெளியிலும் விலைபோகும். ஜார்ஜ்டவுன் 2008-இல் உலக மரபுடைமை நகரமானது. 2010 முதல் ஜார்ஜ்டவுன் விழா நடக்கிறது. ஸ்ட்ரெய்ட்ஸ் கீயில் பினாங்பேக் அரங்கம் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் நடிகரைவிட மேடை நிர்வாகியும் ஒலி, ஒளிக் கலைஞரும் ஒருங்கிணைப்பாளரும்தான் அதிகம் தேவை. வானொலி, தொலைக்காட்சி, விளம்பரம், பள்ளிக்கூடம் ஆகியவையும் உண்டு.

இனி கசப்பான பக்கம். இவற்றில் பல வேலைகள் மாதச் சம்பள வேலைகள் அல்ல. ஒரு நிகழ்ச்சி முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். முதலாளி செலுத்தும் ஊழியர் சேமநிதிப் பங்கு இருக்காது. நாமே தன்விருப்பமாகச் சேமிக்க வேண்டும். சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ திட்டத்தில் கலைஞர்களும் சேரலாம், ஆனால் தெரிந்து சேர்பவருக்குத்தான் பயன். வருமானம் ஏறி இறங்கினாலும் பிடிபிடிஎன் கடன் தவணை காத்திருக்காது.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் மொழி. இங்குள்ள அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் நாடகப் படிப்பு தமிழில் இல்லை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளியே இருக்கிறது. நமக்கோ தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவோடு மேடை முடிந்துவிடுகிறது. ஆனால், திறமைக்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' என்ற மலேசியத் தமிழ்ப் படம் 2016-இல் நாட்டின் சிறந்த படத்துக்கான விருதைப் பெற்றது. மலாய் மேடையில் முறையாகப் பயின்ற ஒருவர் அந்தப் பயிற்சியைத் தமிழுக்குக் கொண்டுவந்தால், அது நமக்குக் கிடைக்கும் இலாபம்.

ஆகவே பெற்றோர்களே, மறுப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பிள்ளைக்குப் பிடித்தது நாடகமா, அல்லது திரையில் தோன்றும் ஆசை மட்டுமா? நடிப்போடு இன்னொரு திறனை, அதாவது ஒலி, ஒளி, எழுத்து, நிர்வாகம் ஆகியவற்றில் ஒன்றை, கற்கத் தயாரா? முதல் மூன்று ஆண்டுகளை எப்படிச் சமாளிப்பது என்று கணக்குப் போட்டாயிற்றா? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால், நாடகத் துறையைப் பட்டியலின் கடைசியில் ஒளித்துவைக்க வேண்டாம். பதில் தடுமாறினால் இப்போதைக்கு ஓர் உள்ளூர் நாடகக் குழுவில் ஒரு பருவம் உழைத்துப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் விண்ணப்பத்தில் தைரியமாக எழுதலாம்.